சும்மா இலை

முதல் நாள்

திருப்பூரில் பஸ் ஏறும்போதே காற்று தொடங்கிவிட்டது. பல்லடம் தாண்டியதும் மகள் காற்றாலைகளை எண்ண ஆரம்பித்தாள். எண்பதில் கணக்கு விட்டுப்போனது. திரும்ப முதலிலிருந்து எண்ண மனமில்லாமல் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். எங்கள் பக்கத்தில் ஆடி என்றால் வெள்ளிக்கிழமைக்கு முன்னால் காற்றுதான் நினைவுக்கு வரும். கொடியில் துணி நிற்காது. வாசலில் கோலப்பொடி நிற்காது.

அந்தக் காற்று வரும் வாசலுக்குத்தான் போகிறோம். 1600 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுவர் எழுப்பியதுபோல் நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலை, நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் முப்பது நாற்பது கிலோமீட்டருக்கு இல்லாமலே போகிறது. பாலக்காட்டுக் கணவாய். அரபிக்கடலிலிருந்து வரும் பருவக்காற்று வேறு வழியில்லாமல் அந்த இடைவெளியில் நெருக்கியடித்துக்கொண்டு நுழைந்து நம் தலையில் மண்ணை வாரிப் போடுகிறது.

கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் ஒரு சிற்றூரில் என் அம்மிச்சி இருக்கிறார். அம்மாவைப் பெற்றவர். வயது 86. ஆடி அமாவாசைக்கு வந்துவிட்டுப் போ என்று மாமாவின் போனில் மூன்று முறை சொல்லிவிட்டார். அம்மிச்சி ஒன்றை மூன்று முறை சொல்பவர் இல்லை.

பொள்ளாச்சியில் பஸ் மாறி, கோபாலபுரம் சோதனைச் சாவடியைக் கடந்தோம். மாநிலம் மாறியதற்கு அடையாளம் பலகையில் எழுத்து மாறியது மட்டும்தான். அதே பனை, அதே தென்னை, அதே செம்மண், பஸ்ஸில் அதே தமிழ். கேரளம் என்றதும் தோணியையும் காயலையும் எதிர்பார்த்த மகளுக்குப் பெருத்த ஏமாற்றம். சித்தூர் வட்டத்தின் இந்தக் கிழக்கு ஓரம் மழை மறைவுப் பகுதி. கடலை போடும் நிலம். (ஆந்திரச் சித்தூர் வேறு. என் தோழி ஒருத்தி போன வருடம் இந்த ஊருக்கு அனுப்பிய கூரியர் அங்கே ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தது.)

வீட்டில் அரிசிம்பருப்பு. மேலே நெய், ஓரத்தில் தயிர். சாப்பிட்டு முடித்த மகள் இலையை எதிர்ப்பக்கமாக மடித்தாள். அத்தை பதறிப்போய்க் கையைப் பிடித்துவிட்டார். "அது இழவு வீட்டில் மடிக்கிற மடிப்பு, சாமி. வயிறு நிறைந்தால் நம் பக்கமாக மடிக்க வேண்டும்." திருப்பூரில் நாங்கள் தட்டில் சாப்பிடுகிறோம். இதை எங்கே சொல்லிக் கொடுத்தேன்?

இரவில் அம்மிச்சி வெற்றிலை உரலை எடுத்துக்கொண்டு திண்ணைக்கு வந்தார். பல் இல்லாததால் பாக்கையும் வெற்றிலையையும் இடித்துத்தான் போட்டுக்கொள்வார். கதைக்கும் அதுதான் தாளம். கதை ஓடும்போது உலக்கை ஓடும். உலக்கை நின்றால் ஏதோ நடக்கப் போகிறது என்று பொருள்.

மகள் ஒன்றுதான் கேட்டாள். "மலையில் ஏன் இவ்வளவு பெரிய ஓட்டை?"

"அப்போது ஓட்டை இல்லை" என்று ஆரம்பித்தார் அம்மிச்சி.

அப்போது மலை ஒரே சுவர். அந்தச் சுவருக்குள் ஒரு நாடு. உள்ளே போக ஒரு கதவு உண்டு, அதற்குச் சாவி கிடையாது. உள்ளே இருக்கும் ஒருவர் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திறக்கும், இல்லாவிட்டால் அது வெறும் பாறை. அந்த நாட்டில் யாரும் பனை ஏறுவதில்லை. சாயங்காலம் மரத்தடியில் போய் நின்றால் பனையே குனிந்து கலயத்தைக் கையில் கொடுக்கும். அங்கே ஓர் ஆறு. மனத்தில் பாரம் உள்ளவர்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிச் சொன்னால் ஆறு அதை வாங்கிக்கொண்டு போய்விடும். எதைச் சொன்னோம் என்பதுகூடக் கரையேறும்போது நினைவிருக்காது.

"கிழக்கே இருந்தவர்களுக்கு இது தெரிந்துபோனது" என்றார் அம்மிச்சி. உலக்கை நின்றது. "போய்ப் படுங்கள்."

இரண்டாம் நாள்

காலையிலேயே மாமா எங்களை ராமசேரிக்கு அழைத்துப்போனார். எலப்புள்ளி பக்கம் உள்ள சின்ன ஊர். இட்லிக்காகவே பெயர் பெற்றது. தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய முதலியார் குடும்பங்களின் கைப்பக்குவம். இட்லி என்றாலும் தோசைபோல் தட்டையாக இருக்கும். அடுப்படியில் நின்று பார்க்க விட்டார்கள். விறகடுப்பில் மண்பானை கொதிக்கிறது. அதன் வாயில், நூலால் வலை பின்னிய மண் வளையம். வலைமேல் ஈரத்துணி, துணிமேல் மாவு. அதற்கு மேல் இன்னொரு வளையம், இன்னொரு துணி. இறக்கியதும் துணியோடு தூக்கிக் கவிழ்த்து, மேலே தண்ணீர் தெளித்து உரிக்கிறார்கள். துணியின் இழை இட்லி முதுகில் அச்சாக விழுந்திருக்கிறது. பொடியும் தேங்காய் எண்ணெயும் தொட்டுக்கொண்டு நான்கு சாப்பிட்டேன். ஐந்தாவதை மகளின் இலையிலிருந்து எடுத்தேன்.

பிறகு பாலக்காட்டுக் கோட்டை. 1766-இல் ஹைதர் அலி கட்டியது. சுற்றிலும் அகழி, இன்னும் தண்ணீர் நிற்கிறது. கணவாயைக் கையில் வைத்திருப்பவர் மலையின் இரண்டு பக்கத்தையும் வைத்திருப்பார் என்பதால் இந்தக் கோட்டை கைமாறிக்கொண்டே இருந்திருக்கிறது. 1783-இல் கர்னல் ஃபுல்லர்ட்டன் பதினோரு நாள் முற்றுகையிட்டுப் பிடித்தார். பிறகு திப்புவிடம் திரும்பப் போய், 1790-இல் மறுபடியும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. மகள் அகழியை எட்டிப் பார்த்துவிட்டு, "பதினோரு நாள் உள்ளே இருந்தவர்கள் என்ன சாப்பிட்டார்கள்?" என்று கேட்டாள். கோட்டையைப் பார்க்க வரும் பெரியவர்கள் சுவரின் உயரத்தைத்தான் கேட்கிறார்கள்.

இரவு கதையும் முற்றுகைதான். படை வந்து சுவருக்கு வெளியே இறங்கியது. யானையை விட்டு முட்டிப் பார்த்தார்கள், பாறை அசையவில்லை. கதவைத் திறக்கத் தெரிந்த பெயர் எவரிடமும் இல்லை. ஆகவே அவர்கள் போரை நிறுத்திவிட்டு மண்வெட்டியை எடுத்தார்கள். மலைக்குப் பின்னால் போய் ஆற்றின் தலையையே திருப்பிவிட்டார்கள். உள்ளே முதலில் ஆறு வற்றியது, பிறகு கிணறுகள். பனை குனிந்தது, கலயத்தில் ஒன்றுமில்லை.

இந்த இடத்தில் மாமாவால் பொறுக்க முடியவில்லை. "நம் ஆழியாற்றுக் கதையேதான்" என்று உள்ளே புகுந்துவிட்டார். பரம்பிக்குளம் – ஆழியாறு ஒப்பந்தம், மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் வர வேண்டும், 1970-இல் கையெழுத்தானது என்று விவசாயிக்கே உரிய மனப்பாடத்தோடு ஒப்பித்தார். இந்த வட்டத்தின் வாய்க்கால்கள் அந்தத் தண்ணீரை நம்பித்தான் இருக்கின்றன. மாமாவுக்குச் சொந்தக்காரர்கள் பாதிப்பேர் பொள்ளாச்சிப் பக்கம், வயல் இந்தப் பக்கம். எந்த வருடம் தண்ணீர் குறைந்தாலும் கல்யாண வீட்டில் பந்தி முடிவதற்குள் இவர் யாரோடாவது பேச்சுவார்த்தை அற்றுப்போய்விடுவார்.

அம்மிச்சி அவர் முடிக்கும்வரை இடித்துக்கொண்டே இருந்தார். பிறகு எச்சிலைத் துப்பிவிட்டு, "நான் சொல்வது அதற்கு முன்னால் நடந்தது" என்று சொல்லி எழுந்துபோய்விட்டார். மாமாவால் ஓர் இரவுக் கதை போனது.

மூன்றாம் நாள்

சித்தூருக்குப் போனோம். பஸ்ஸில் வந்த மாணவி ஒருத்தி அங்குள்ள அரசுக் கல்லூரியில் தமிழ் இலக்கியம் படிக்கிறாளாம். மலையாளப் பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் சங்கப் பாடல் பேசினாள். நாடு சுதந்திரம் பெறும்வரை சுற்றியிருந்த ஊர்களெல்லாம் சென்னை மாகாணத்தில் இருக்க, இந்தச் சித்தூர் மட்டும் கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்த தனித் தீவாக இருந்தது. தனியாக இருந்து பழகிய ஊர்.

தெற்கு கிராமத்தில் ஆற்றங்கரையை ஒட்டித் துஞ்சத்து எழுத்தச்சனின் குருமடம். மலையாளத்தின் தந்தை என்று அவர்கள் கொண்டாடும் கவி தம் கடைசிக் காலத்தைக் கழித்த இடம் என்பது மரபு. ஆடி அவர்களுக்குக் கர்க்கடகம். மாதம் முழுவதும் வீடுதோறும் அவருடைய இராமாயணத்தைத்தான் படிப்பார்கள். அதைச் சொல்வது ஒரு கிளி. கவி கிளியைக் கூப்பிட்டுக் கதை கேட்கிறார், கிளி சொல்கிறது. வழியில் ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவர் விளக்கின் முன்னால் அமர்ந்து இழுத்து இழுத்துப் பாடிக்கொண்டிருந்தார். சொற்கள் பாதி புரிந்தன. ராகம் முழுவதும் புரிந்தது.

ஆற்றின் பெயரைக் கேட்டபோது நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வெளியூர்க்காரர்களுக்கு இது கண்ணாடிப்புழை, அல்லது சித்தூர்ப்புழை. ஊர்க்காரர்கள் சொல்லும் பெயர் சோகநாசினி. சோகத்தைத் தீர்ப்பவள். எழுத்தச்சன் இட்ட பெயர் என்கிறார்கள். அம்மிச்சிக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. இந்த மடத்துக்கு வந்ததாகவும் நான் கேள்விப்பட்டதில்லை.

பகவதி கோயிலுக்குப் போகும் வழியில் டீக்கடையில் ஒரு வேடிக்கை. எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார் கடைக்காரர். திருப்பூர் என்றேன். "அப்படியென்றால் கொங்கன்!" என்று உரக்கச் சொல்ல, பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. பிறகு அவரே சொன்னார். கும்ப மாதத்தில், நம் மாசியில், இங்கே 'கொங்கன் படை' என்று ஒரு திருவிழா. முன்னொரு காலத்தில் கொங்கு அரசன் படையோடு வந்தானாம். ஊர் பகவதியிடம் போய் விழுந்ததாம். தேவியே போர்க்களத்தில் இறங்கி அவனைக் கொன்றாளாம். ஆண்டுதோறும் கொங்கன் வந்து, ஆண்டுதோறும் தோற்கிறான். டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். தோற்றவர்களிடம் வாங்குவதில்லை என்றார்.

கொங்கு நாட்டுக் கதைகளில் நாம்தானே எப்போதும் வீரர்கள். அண்ணன்மார் கதைக் கூத்தைப் பார்த்து அழுது வளர்ந்தவள் நான். ஊர்க்கோடியில் வந்து நிற்கும் பகைவனாக என்னை நான் இதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

இரவு. மாமா சீக்கிரம் படுக்க அனுப்பப்பட்டார்.

மலைக் கதவுக்கு உள்பக்கம் விளக்கேற்றும் பொறுப்பு ஒரு குடும்பத்துடையது. தாய், தகப்பன், ஏழு பிள்ளைகள். குடிக்கத் தண்ணீரில்லாத நாற்பதாம் நாள் தகப்பன் கன்னிமார் கல்லின் முன்னால் போய் நின்றான். என்ன வேண்டும், எடுத்துக்கொள்ளுங்கள் என்றான். என் உயிரை எடுத்துக்கொள்ளுங்கள் என்றான். வேண்டாம் என்றார்கள் கன்னிமார். தாய் வந்தாள். வேண்டாம். மூத்தவன் வந்தான். வேண்டாம்.

"ஏன் வேண்டாம் என்றார்கள்?" என்று மகள் கேட்டாள்.

"செத்தவர்களுக்கு அழுவீர்கள். திதி கொடுப்பீர்கள். படம் மாட்டிப் பூப் போடுவீர்கள். கொடுத்ததை நினைத்து நினைத்துப் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்வீர்கள். எங்களுக்கு முழுதாக வேண்டும் என்றார்கள்."

அந்தக் காலத்தில் ஏது படம் என்று நான் கேட்கவில்லை.

கொடுத்தோம் என்பதே நினைவில் இல்லாமல் கொடுக்க வேண்டும். அதுதான் விலை. பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைக்குட்டி ஒன்பது வயதுப் பெண். பாவாடையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நான் போகிறேன்" என்றாள். அவள் கதவை நோக்கி நடந்தாள். நடக்க நடக்கக் காற்றானாள். கதவு திறக்கவில்லை, மலையே திறந்தது. மேற்கிலிருந்து மழையை இழுத்துக்கொண்டு அவள் அந்தத் திறப்பின் வழியே கிழக்கே போனாள். கூடாரங்கள் பறந்தன. யானைகள் மண்டியிட்டன. படை போன திசை தெரியவில்லை. மலை திறந்துபோனதால் அது மந்திர நாடாகவும் இல்லை. பனை குனியவில்லை. அன்றிலிருந்து ஏறித்தான் இறக்க வேண்டும்.

"அம்மா அப்பாவுக்கு?"

"அவர்களுக்கு ஆறு பிள்ளைகள்."

உலக்கை நின்றது. மகள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எல்லாரும் மறந்துவிட்டார்கள் என்றால் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். எனக்குத் தோன்றியிருக்க வேண்டிய கேள்வி.

அம்மிச்சி முதன்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். "நாளைக்கு" என்றார்.

நான்காம் நாள்

பகலில் எங்கும் போகவில்லை. காற்றில் ஓடு ஒன்று பெயர்ந்து விழுந்தது, மாமா ஏணி தேடினார். பக்கத்துத் தோப்பில் கள் இறக்குபவர் தென்னை உச்சியில் பாளை சீவுவதை மகள் கழுத்து வலிக்கப் பார்த்தாள். மரம் ஆடுகிற ஆட்டத்தில் அவர் ஒரு கையால் மட்டையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சீவினார். இறங்கியதும், "மரம் குனியாதா?" என்று அவரிடமே கேட்டுவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. "எங்கள் தாத்தா காலத்தில் குனியும் என்பார்கள்" என்றார். இந்த ஊரில் யாரிடம் என்ன கேட்டாலும் இப்படித்தான்.

நாளை படையலுக்கு வாழைக்காய், பூசணி, அவரை எல்லாம் வந்து இறங்கின. அத்தை இலைக்கட்டைப் பிரித்து எண்ணினார். கடைசியில் சின்னதாக ஒரு தும்பு இலையைத் தனியே எடுத்து வைத்தார்.

அதைப் பார்த்ததும் எனக்கு நினைவு வந்தது. சிறுவயதில் ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் பந்தியின் கடைசியில் அந்த இலை இருக்கும். எல்லாம் பரிமாறுவார்கள், யாரும் உட்கார மாட்டார்கள். யாருக்கு என்று கேட்டால் அம்மா, "சும்மா" என்பாள். நாங்கள் அதற்குப் பெயரே சும்மா இலை என்று வைத்திருந்தோம். நான் கல்யாணமாகிப் போன வீட்டில் அந்த வழக்கம் இல்லை. இருபது வருடமாக அதை நினைக்கவும் இல்லை.

இரவு அம்மிச்சி உரலை எடுத்து வரவில்லை. வெறும் கையோடு உட்கார்ந்தார்.

மழை பெய்து, கிணறு ஊறி, முதல் சோறு பொங்கிய அன்று தாய் இலை அறுக்கப் போனாள். பிள்ளைகளுக்கு ஆறு இலை போதும். கை ஏழு அறுத்தது. தப்பு என்று ஒன்றைத் தூரப் போட்டாள். மறுநாளும் கை ஏழுதான் அறுத்தது. மூன்றாம் நாள் அவள் அதைப் போடவில்லை, விரித்து வைத்தாள். மனம் கொடுத்துவிட்டது, கையிடம் யாரும் கேட்கவில்லை.

வாசலில் ஒருவன் விழுந்து கிடந்தான். எதிரிப் படைக்காரன். காற்றில் கேடயம் பறந்து, கால் முறிந்து, ஓட முடியாமல் கிடந்தவன். தாய் அவனை உள்ளே கூட்டி வந்து உட்கார வைத்தாள். அந்த ஏழாவது இலையில் இல்லை. அவனுக்கென்று வேறொன்று அறுத்துப் போட்டாள். அவன் சாப்பிட்டுக்கொண்டே, அந்த இலை யாருக்கு என்று கேட்டான். தெரியவில்லை என்றார்கள். அவன் சோற்றைப் பிசைந்த கையோடு அழுதான்.

"அவன் வெளியே நின்றவன், கண்ணு. அவனிடம் கன்னிமார் எதையும் வாங்கவில்லை. மலை பிளந்தபோது அந்தப் பிள்ளை பாவாடையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்ததை நேருக்கு நேர் பார்த்தவன் அவன் ஒருவன்தான்."

அவன் சொன்னான். கேட்டார்கள், அழுதார்கள், விடிந்ததும் மறந்துவிட்டார்கள். மறுபடியும் சொன்னான். ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. அந்த வீட்டுப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு, வருடாவருடம் ஆடியில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருந்தான். அவனுடைய பிள்ளைகளுக்குப் பாதி நினைவு நின்றது. பேரப்பிள்ளைகளுக்கு முழுதும் நின்றது.

"அவன் எந்த ஊர்ப் படைக்காரன், அம்மிச்சி?" என்று கேட்டேன். பதில் தெரிந்துதான் கேட்டேன்.

"வேறு யார்? நம் ஆள்தான். அவன் வழியில் வந்ததால்தான் நமக்குக் கதை தெரியும். அவள் வழியில் வந்ததால்தான் நமக்கு இலை தெரியும்."

டீக்கடைக்காரரை நினைத்துக்கொண்டேன். அடுத்த மாசியில் வந்து டீக்குக் காசு கொடுக்க வேண்டும்.

ஐந்தாம் நாள், அமாவாசை

மலையாளிகளுக்கு இன்று கர்க்கடக வாவு. விடியும் முன்பே ஆற்றங்கரையில் கூட்டம். ஈரத்துண்டோடு, தர்ப்பை மோதிரத்தோடு வரிசையாக உட்கார்ந்து பிண்டம் வைக்கிறார்கள். அவர்களுக்குப் பக்கத்திலேயே மாமாவும் தாத்தாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தார். மந்திரம் வேறு, எள் ஒன்றுதான். ஒரு காக்கை இரண்டு பக்கமும் நடந்து நடந்து சாப்பிட்டது.

வீட்டில் படையல் முடிந்து பந்தி உட்கார்ந்தோம். கடைசியில் சின்ன இலை. அத்தை அதற்கும் வரிசை தப்பாமல் பரிமாறினார். முதலில் இனிப்பு, பிறகு பொரியல், கூட்டு, வடை, அப்பளம், சோறு, பருப்பு, நெய். அப்பளத்தைக் காற்று இரண்டு முறை தூக்கிப் போட்டது. இரண்டு முறையும் எடுத்து வைத்தார்.

எல்லாரும் எழுந்த பிறகு அந்த இலையை அம்மிச்சி மடிப்பதுதான் வழக்கம். இந்த வருடம் முட்டி வலி, குனிய முடியவில்லை. மகளைக் கூப்பிட்டார். அவள் இலைக்கு எதிரே மண்டியிட்டு, ஓரத்தைப் பிடித்துவிட்டு நிறுத்தினாள். முதல் நாள் அத்தையிடம் வாங்கிய திட்டு நினைவிருந்திருக்க வேண்டும். இன்றைக்கு அமாவாசை வேறு.

"எந்தப் பக்கமாக மடிக்க, அம்மிச்சி?"

நாற்காலியிலிருந்த அம்மிச்சி சுவரோரம் வெறுமையாகக் கிடந்த பாயைக் காட்டினார்.

"அவள் பக்கமாக."

மகள் எழுந்து, இலையைச் சுற்றிப் போய், பாயின் மேல் கால் படாமல் ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்து, இலையைத் தன் பக்கமாக மடித்தாள்.